இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசை

ஒரு ராத்திரி முழுக்க விதைநெல்லை
மருந்தில் ஊறவைத்தேன்.
முளைகட்ட அல்ல, கெடுக்க.
எந்த எழுத்து கெடும் என்று
மருந்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
இரட்டைக் கையுறை, ஏழு அலசல்.
அலசிய தண்ணீரை வாய்க்காலில் விடக்கூடாது.

முதல் தலைமுறை வாய் திறக்காது.
ஒரு பிரதி உடைந்தால் மறுபிரதி மூடிவைக்கும்,
கடன்பட்ட வீட்டில் ஜன்னல் சாத்துவதுபோல.
அதன் பிள்ளைகளில்தான் வெளிவரும்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே அரை ஏக்கர்,
நானூறு வரிசை, ஒரு தாய்க்கு ஒன்று.
நாற்றங்காலிலேயே வெளுத்துப் பிறந்து
பத்தாம் நாள் செத்தவை உண்டு.
குட்டையாய் நின்றுபோனவை, இலை சுருண்டவை.
இல்லாமல் போனதை வைத்துத்தான்
இருந்தது என்ன செய்தது என்று தெரியும்.
மூணாறு தலைப்பில் ஒரு ஷட்டரை இறக்கிவிட்டு
எந்த ஊர் வயல் வெடிக்கிறதென்று பார்ப்பதுபோல.
அப்படிச் செய்தால் அடிக்க வருவார்கள்.
நெல் வராது.

நெல்லை நிமிர்த்தி வைக்கும் மரபணு ஒன்று உண்டு.
அது கெட்டால் பயிர் படுத்துவிடும்.
கண்டவர்கள் கண்ணில் பட்டது படுக்கைதான்.
அதனால் அதற்குப் பெயர் சோம்பேறி.
நிற்கவைக்கும் வேலையெல்லாம் பார்த்துவிட்டு
இந்தப் பெயர்.

இருநூற்றுப் பன்னிரண்டில் தூர் கொஞ்சம் அகலம்.
நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன்.

கார்த்திகை மழை. மூன்று நாள், காற்றோடு.
நானூறு வரிசையும் ஒரே பாய்.
அடுத்த வயல் தையல்நாயகியுடையது,
ஆறு மா, குத்தகை. அதுவும் அதே பாய்.
வரப்பின் இரண்டு பக்கமும் நின்றோம்.
யாரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் வெயில்.
கணுவில் முழங்கை ஊன்றி
ஒவ்வொன்றாய்த் தலை தூக்கியது பயிர்.
மேல் எது கீழ் எது என்று
சேற்றுக்குள்ளும் மறக்காத பயிர்.
இருநூற்றுப் பன்னிரண்டில் மட்டும்
ஆறு எழவில்லை.
இருபத்து நாலில் ஆறு.
திரும்ப எண்ணினேன். ஆறு. நாலில் ஒன்று.
முழங்கால் சேற்றில் நின்று
சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் வி.ஏ.ஓ. செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார்.
“எந்திரிச்சிருச்சேம்மா.
முப்பத்து மூணு சதம் சேதம் இருந்தாத்தான் எழுத முடியும்.”
“பால் புடிக்கிறப்ப வந்து பாருங்க, பாதி பதரு.”
பைக் கிளம்பிவிட்டது.

என் சிரிப்பைக் கேட்டிருக்கிறாள்.
இறங்கி வந்தாள், ஆறையும் குனிந்து பார்த்தாள்.
“இதுக்குத்தானா?”
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
“அடுத்த போகத்துக்கு இதுல நாலு மரக்கா குடு.
படுத்தே கெடந்தா பணமாச்சும் வரும்.”
அவள் சிரிக்கவில்லை.

ஆறு இலை நுனி கிள்ளி
ஆறு குழாயில் இட்டு ஐஸ் பெட்டியில் வைத்தேன்.
ஒன்றில் ஈரம் பட்டு எண் கலைந்தது.
துடைத்துவிட்டுத்
திரும்ப எழுதினேன்.