எடைமேடையின் தேதி

எங்கள் எடைமேடைக் கம்ப்யூட்டருக்குத்
தினமும் காலையில் ஒரே தேதி:
1980 ஜனவரி ஒன்று, செவ்வாய்.
ராத்திரி சுவிட்சை நிறுத்தினால் போதும்,
அத்தனையும் மறந்துவிட்டுப்
புத்தாண்டுக்கு வந்து நிற்கும்.

கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று எழுதிக்கொடுத்த டாஸ் புரோகிராம்.
கம்பெனி இப்போது இல்லை.
அந்த நம்பரில் ஒரு பல் டாக்டர் பேசுகிறார்.
புதுசாய்ப் போட எண்பத்தைந்தாயிரம் என்றார்கள் ஓசூரில்.
மாங்காய் சீசன் முடியட்டும் என்றார் முதலாளி.
அதுவரை ஒவ்வொரு சீட்டிலும்
1980-ஐக் கோடு போட்டு அடித்துப்
பக்கத்தில் நீலப் பேனாவால் நான் தேதி எழுதினேன்.

கோளாறு ஒரே ஒரு சில்லில்தான்.
கறுப்புச் செங்கல் மாதிரி, முதுகில் அலாரம் கடிகாரப் படம்.
பேட்டரியை உள்ளே வைத்தே பூசியிருந்தார்கள்,
மூச்சுவிட ஓட்டை வைக்காமல்.
பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் புதுசு என்று
அறுநூறு கொடுத்து ஒன்று வாங்கி வந்தேன்.
அதுவும் செவ்வாய்க்கிழமை என்றது.

மலையைப் பலகை பலகையாய் அறுத்து
லாரியில் ஏற்றுகிற ஊர் இது,
என் மேடை மேல்தான் நிறுத்துப் போகிறார்கள்.
கட்டைவிரல் அகலப் பிளாஸ்டிக்கை அறுக்க முடியாதா?

ஞாயிற்றுக்கிழமை.
உடைந்த ஹேக்ஸா பிளேடு பாதி, ஒரு அரம்.
ரவுண்டானா பக்கத்துச் செல்போன் கடை முதஸ்ஸிர்
சால்டரிங் இரும்பும் மீட்டரும் இரவல் தந்தான்,
முனை பத்திரம் முனை பத்திரம் என்று
வண்டி கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே.

கால்களை எண்ணினேன். சுற்றிவந்து மறுபடி எண்ணினேன்.
பதினாறுக்கும் இருபதுக்கும் மேலே, தோளில் தேய்க்க வேண்டும்.
ஒரு நூல் அதிகம் போனால் சில்லு காலி.
ஃபேனை நிறுத்திவிட்டு, தும்மலை அடக்கிக்கொண்டு
தேய்த்தேன், ஊதினேன், தேய்த்தேன்.
மடியெல்லாம் கறுப்புத் தூள்.
பிறகு மஞ்சளாய் ஒரு கம்பி மினுங்கியது.
மீட்டரை வைத்தால் அரை வோல்ட்கூட இல்லை.

செத்த பேட்டரியின் தொடுப்பை அறுத்தேன்.
ஒயர் இரண்டு, எட்டு ரூபாய் ஹோல்டர்,
முப்பது ரூபாய்க்கு வட்ட பேட்டரி.
டேட் என்று நாலு எழுத்துத் தட்டி
இன்று என்ன தேதி என்று சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் பராமரிப்பு என்று
ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் இல்லை.
வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.
ஜூன் பதினேழு. திங்கள்.

முதலாளி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
இனிமேல் கையெழுத்து வேண்டாம்,
கூழ் ஃபேக்டரியில் கேள்வி கேட்கிறார்கள் என்று
என் நீலப் பேனாவை எடுத்து
டிராயருக்குள் போட்டார்.

புதன் ராத்திரி
மேடை மேலேயே ஒரு லாரிக்கு ஆக்ஸில் முறிந்தது.
ஜாக்கி வைத்துத் தள்ளி இறக்க மூன்று மணிநேரம்.
பின்னால் ஏழு வண்டி, எல்லாம் பெங்களூரா மாங்காய்.
பன்னிரண்டு மணியிலிருந்து கிலோவுக்கு
ஒன்றரை ரூபாய் குறைவு என்று ஃபேக்டரியிலிருந்து போன்.

முதல் வண்டி சந்தூர் திம்மராயன்.
ஆறு டன். சீட்டு வந்தது:
மணி பூஜ்ஜியம் பூஜ்ஜியம், நிமிடம் ஐந்து.
அவர் சத்தம் போடவில்லை.
உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தார்.
"ஒம்பதாயிரம்" என்றார்.
"ஒம்பது மணிக்கே வந்துட்டேம்மா."

போன வாரமாய் இருந்தால்
1980-ஐ அடித்துவிட்டு நேற்றை எழுதியிருப்பேன்.
பேனாவை யாரும் மணி கேட்டதில்லை.

டிராயரைப் பார்த்தேன்.
புரோகிராமை விட்டு வெளியே வந்தேன்.
அதே நாலு எழுத்து.
பிறகு டைம், இன்னொரு நாலு.
இரவு பதினொன்று இருபது என்றேன்.
சரி என்று வாங்கிக்கொண்டது.

திம்மராயன் வண்டியைப் பின்னால் எடுத்து
மறுபடி ஏற்றினார்.

ஏழாவது வண்டி, வேப்பனப்பள்ளிப் பையன்.
சீட்டைப் பார்த்தான், செல்போனைப் பார்த்தான்.
"அக்கா, உங்க மெஷின்ல தேதி ஓடலையா?"

"பழசு தம்பி" என்றேன்.
"பேட்டரி போயிருக்கும்."