மூன்றாவது கதிரை

அறை இருபத்தேழு.
ஜன்னலைத் திறந்தால் பம்பலப்பிட்டிக் கடல் தெரியும் என்று
சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
திறந்தோம்:
ஒரு தண்ணீர்த் தாங்கி,
அதன் பின்னால் இன்னொரு தண்ணீர்த் தாங்கி.
கடல் எங்கள் கட்டில் கால்களுக்கு மட்டும் வந்துபோனது,
துருவாக.

அலுமாரி இரண்டு, ஆட்கள் மூன்று.
வந்த அன்றே அடிமட்டம் எடுத்தவள் நான்.
வவுனியாவில் எங்கள் வீட்டில்
உப்புப் போத்தலுக்கும் பெயர் ஒட்டியிருக்கும்.
பதினாறு அங்குலம் ஓஷதிக்கு,
பதினாறு எனக்கு,
ஹஸ்மியாவுக்கு இரண்டிலும் கீழ்த்தட்டு,
அதோடு ஒரு கதவின் உட்புறம்,
ஆறு அபாயாவும் ஒரே ஆணியில்.
"மறுகா எனக்குச் சொந்த வீடில்ல,
ரெண்டு வாடகை வீடு" என்றாள்.
அவள் சிரித்து முடிப்பதற்குள்
எல்லைக்கு நாடா ஒட்டிவிட்டேன்.

நாடா இரண்டாம் பருவம்வரை தாங்கியது.
எம்பிலிப்பிட்டியிலிருந்து ஓஷதி தயிர்ச் சட்டியோடு வந்தாள்.
தயிர் மூன்று நாள்.
சட்டி மூன்று வருடம்:
ஊசி, பேனை, பஸ் மிச்சச் சில்லறை,
யாரோ ஒருத்தியின் ஒற்றைத் தோடு.

இன்று கட்டுகிறோம்.
வெள்ளவத்தைக் கடையில் கேட்டு வாங்கிய பெட்டிகள்,
எல்லாம் சவர்க்காரப் பெட்டிகள்.
இனி மூன்று ஊர்களிலும் எங்கள் உடுப்பு
ஒரே வாசம் வீசப் போகிறது.

மூன்று குவியல் என்றுதான் தொடங்கினேன்.
நடுவில் நான்காவது ஒன்று முளைத்தது,
யாருடையதென்று தெரியாதவை.
சாம்பல்நிறத் துவாயை எவளும் ஏற்கவில்லை.
கேத்தலை எல்லாரும் மற்றவளுக்குத் தந்தோம்,
உள்ளே படிந்த சுண்ணாம்போடு.
பங்குபோட்டு வாங்கிய பிளக் வயரை
எங்கே வெட்டுவது?
நான்காவது குவியல்
மற்ற மூன்றையும்விட உயர்ந்துவிட்டது.

பதினொரு மணிக்குப் பியதிலக்க ஐயா
கொப்பியும் கையுமாக வந்தார்.
கட்டில் மூன்று, ஹரி.
அலுமாரி இரண்டு, ஹரி.
மின்குமிழ் ஒன்று, எரிகிறது, ஹரி.
கதிரை மூன்று.

குனிந்து கட்டிலடியில் பார்த்தார்.
கதவுக்குப் பின்னாலும்.

ஐயா, இங்கே எப்போதும் இரண்டுதான்.
ஒருத்தி படிக்க, ஒருத்தி சாப்பிட,
மற்றவள் சூட்கேசில் குந்தியிருக்க
சோதனை மாதத்துக்கு நான் அட்டவணைகூடப் போட்டேன்.
கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது, பாருங்கள்.

அவர் அட்டவணையைப் பார்க்கவில்லை.
கொப்பியைத் திருப்பிக் காட்டினார்.
வந்த நாள்.
பொருட்கள் சரியாகக் கிடைத்தன.
கீழே, கோடு தாண்டாத
என் அழகான கையெழுத்து.

தட்டுகளை அங்குலத்தில் அளந்தவள்
கதிரைகளை எண்ணவில்லை.

இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
நானே கட்டுகிறேன் என்றேன்.
ஹஸ்மியா கைப்பையைத் திறந்துவிட்டாள்.
ஓஷதி தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாள்.
ஆளுக்கு எண்ணூறு,
கடைசி நூற்றறுபது சில்லறையில்.

"இப்ப அது எங்கட கதிரை" என்றாள் ஹஸ்மியா.
ஓஷதி தன் தமிழில் யோசித்துக் கேட்டாள்:
"அப்ப யார் கொண்டு போறது?"

ஐயா, இனியாவது இரண்டு என்று எழுதுங்கள்.
"காசு கட்டியாச்சே மிஸ், கணக்கு சரி"
என்று மூன்றை மூன்றாகவே விட்டு
அடுத்த அறைக்குப் போனார்.

நாடாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
அபாயா தொங்கிய கதவின் உட்புறம்
ஒரு தாள் ஒட்டினேன்:
கையெழுத்துக்கு முன் கதிரையை எண்ணவும்.
ஓஷதி அதையே சிங்களத்தில் எழுதினாள்,
என்னுடையதைவிட நீளமாக.
என்ன சேர்த்தாய் என்றால் சொல்லவில்லை.

திரீவீல் வந்துவிட்டது, கீழே ஹோர்ன்.
ஹஸ்மியா படியிலிருந்து திரும்பி ஓடினாள்.
எதையோ மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.
பேனையை எடுத்து எல்லாவற்றுக்கும் கீழே
ஒரு வரி:
கடல் தெரியாது.