ஏழாம் கேமரா

ஓட்டெப்பா. மைனஸ் பத்தொன்பது.
முதுகில் துப்பாக்கியோடு சறுக்கி வருகிறவர்கள்
மலைவளைவில் திரும்பும் நேரம் பார்த்து
ஏழாம் கேமராவின் படத்தில்
மணலை வாரி இறைத்தது போல் புள்ளிகள்.
அப்புறம் கறுப்பு.

காலையிலிருந்து மூன்று முறை
கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டு
ஒளிபரப்பு வண்டிக்குத் தூக்கி வந்தேன்.
ஹீட்டர் பக்கத்தில் சோதித்தால்
கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது,
டாக்டர் வாசலில் நின்றுவிடும் வயிற்றுவலி போல.

போன மாதம் இதே கேபிளுக்காக
கால்யுவைக் காய்ச்சி எடுத்தார்கள்.
முரட்டுத்தனமாக இழுத்திருப்பான் என்றார்கள்.
நானும்தான் சொன்னேன்.

நான்காம் முறை தூக்கி வரவில்லை.
கோபுரத்தடியில் பனியில் மண்டியிட்டு
கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு
கனெக்டரின் வாய்க்குள் விளக்கடித்தேன்.
விளிம்புக்கு வந்திருக்க வேண்டிய ஊசி
தொட்டதும் உள்ளே போன நத்தைக் கொம்பாக
அடியில் கிடந்தது.
குளிரில் கேபிள் சுருங்கும்.
பிடி தளர்ந்திருந்தால்
ஊசியையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.
ஒரு நகத்தின் கனம் இருக்குமா அந்த இடைவெளி?
அவ்வளவில் ஒரு நாடே படம் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

வெட்டினேன்.
கறுப்புத் தோலை உரித்து, பின்னலைப் பின்னுக்கு மடித்து,
வெள்ளை நுரையைச் சீவி
செம்பை எடுத்தேன்.
விலகி நின்ற ஒற்றை இழையை நகத்தால் கிள்ளினேன்.
புது ஊசி. புதுத் தலை. புது வளையம்.
இடுக்கி கடைசிச் சொடுக்கைச் சொல்லும்வரை அழுத்தினேன்.
உலோகத்தில் ஒட்டிய விரல்தோல் கொஞ்சம் அங்கேயே நின்றுவிட்டது.

வெட்டிய பழைய தலையைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு அளவு பெரிய பள்ளத்தில் வைத்து நெரித்த வளையம்;
ஆறு பக்கமும் தொளதொள.
அதன் கழுத்தில் மஞ்சள் டேப்.
டேப்பில் செப்டம்பர் தேதி,
வாலை நீட்டிப் போடும் என் ஒன்பது.

'ஏழு வந்துடுச்சு' என்றது காதில் உர்வே குரல்.
'என்ன கோளாறு ஐலி?'

மூன்றாம் கேமராவில் கால்யு.
எல்லோருக்கும் ஒரே லைன்.

'என் கை' என்றேன்.
'செப்டம்பர்ல நான் போட்டது.'

லைனில் காற்று மட்டும் கொஞ்ச நேரம்.
கீழே யாரோ ஐந்தும் சுட்டு விழுத்தினார்கள்;
கூட்டம் கத்தியது.

'மூணு ரெடி' என்றான் கால்யு.

பழைய தலை
இன்னும் என் சட்டைப்பையில்,
குளிர்ந்துகொண்டே.