'ந' என்றொரு கட்டம்

காலை ஏழு மணி. அல் கர்ஜுக்குத் தெற்கே,
ஏழாம் எண் வட்டத்தின் ஓரம்,
மரச்சட்டத்தின் மேல் ஒரு தகரத் தட்டு.
நாலடி அகலம், ஒரு சாண் ஆழம்.
கொக்கி அளவி நீரின் தோலைத் தொட,
நேற்றுக்கும் இன்றைக்கும் எவ்வளவு குறைந்தது என்று
எழுதுவது என் வேலை. பெயர் இன்னாசிமுத்து.
சம்பளப் பட்டியலில் தொழிலாளி, வகை மூன்று.

வெயில் குடித்தது எட்டு மில்லிமீட்டர்.
தட்டு வேறு, நிலம் வேறு,
அதனால் புள்ளி ஏழால் பெருக்கு.
கோதுமை இப்போது பால் பிடிக்கிறது,
ஒன்று புள்ளி ஒன்று ஐந்தால் மறுபடி பெருக்கு.
ஆறரைக்குக் கொஞ்சம் கீழே வரும். அதுதான் பயிரின் தாகம்.
முளைத்த வாரத்தில் இவ்வளவு கேட்காது,
மஞ்சளான பிறகும் கேட்காது.
நடுவில் இந்த நாற்பது நாள்
கேட்டதைக் கொடுக்காவிட்டால் மணி சூம்பிவிடும்.
கூடக் கொடுத்தால்,
பாறைக்கடியில் யுகயுகமாய்ப் படுத்திருந்த நீரை
எழுப்பி, உப்பாக்கிவிட்டுப் போவோம்
என்பார் இத்ரீஸ், சூடான்காரர். சொல்லிவிட்டுத்
தேநீரில் நாலு கரண்டி சீனி போடுவார்.

மாசிக் கடைசியில் மூன்று நாள்
தட்டு ஒன்பது காட்டியது.
காற்று இல்லை. வானிலைக் கம்பம் எட்டு என்றே சொன்னது.
ஒரு மில்லிமீட்டர்தானே?
சாப்பிட்ட கை காயும்வரை கணக்குப் போட்டேன்:
இந்தத் தட்டில் ஒரு லிட்டர் காணாமல் போனால்
ஐம்பது ஹெக்டேர் வட்டம்
மூன்றரை லட்சம் லிட்டர் அதிகமாக இறைக்கும்.
ஒரு லிட்டருக்கு.

நாலாம் நாள் விடியுமுன் போய் உட்கார்ந்தேன்.
இரண்டு நரிகள்.
ஒன்று விளிம்பில் முன்னங்கால் ஊன்றிக் குடித்தது.
மற்றது உள்ளேயே இறங்கி,
குற்றாலத்துக்கு வந்ததுபோல் முங்கி எழுந்து
உடம்பை உதறிக்கொண்டு போனது.

வலை போடலாம். போட்டால் வெயிலும்
பத்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் குடிக்கும்;
அதற்கு இன்னொரு பெருக்கல்.
பக்கத்தில் ஒரு வாளி வைத்துப் பார்த்தேன்.
ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பேரேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு
தலையில் 'ந' என்று எழுதினேன்.
சட்டத்தில் ஈரக் கால்தடம் இருந்தால் ஒன்று கழி.
இல்லாவிட்டால் பூஜ்ஜியம்.

ரியாத்திலிருந்து தொலைபேசி: அந்த எழுத்து என்ன?
இத்ரீஸ் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.
"இந்தியக் குணகம்" என்றார். "இங்கே மட்டும் பொருந்தும்."
போனை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:
இன்றைக்கு வந்தார்களா?

ஒன்றுதான் வந்தது என்றேன்.
அரை போட்டிருக்கிறேன்.