வளையக் கால்கள்

நாங்கள் தோற்றது ஐந்தே நாளில்.
புறாக்கள் தோற்க இரண்டு வருடம் ஆயிற்று.

வளையமிட்ட காலை வெட்டி
பதினைந்தாம் தேதிக்குள் ஒப்படைக்கவும் என்று
நகரசபைக் கதவில் ஒட்டியிருந்தார்கள்,
எங்கள் டச்சு மொழியில், எழுத்துப் பிழையோடு.

உன் புகையிலை டப்பாவில் கொண்டுபோனேன்.
குமாஸ்தா ஹில்பிரான்ட் என்னோடு படித்தவன்;
தலை நிமிராமல் எண்ணினான்.
பதினொன்று.
பதிவேட்டில் பன்னிரண்டு.

ஒன்று போன பனியில் செத்தது என்றேன்.
எழுதிக்கொண்டான்.
டப்பாவைத் திருப்பித் தரவில்லை.

அன்றிலிருந்து அந்திதோறும்
துடைப்பத்தோடு கூரைமேல் நிற்கிறேன்.
தெற்கே ஒரு புள்ளி தெரிந்தால்
உன் சாம்பல்நிறப் பெட்டையோ என்று
கைதட்டுகிறேன், கத்துகிறேன்:
போ, வராதே,
இங்கே வீடு இல்லை.

கீழே உன் தட்டைக்
கவிழ்த்து வைத்திருக்கிறேன், யோரிட்,
தூசி படியாமல் இருக்க.