தராசிலிருந்து எடுத்த பற்றரி

வரிக் கந்தோருக்குக் கணக்கு அனுப்ப
இன்னும் ஒரு நாள்தான்.
பொத்தானை அமத்தினால்
காத்தாடி சுத்துகிறது, பச்சை லைற் எரிகிறது,
திரை மட்டும் கறுப்பு.
பிறகு மூன்று கூவல், நீளமாய்.
கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் மூன்று.

கீழ்வீட்டு ப்ரோய்க்கர் அம்மா
தும்புத்தடியால் தன் முகட்டில் இடிக்கிறா.
வூப்பெற்றாலில் பத்து மணிக்குப் பிறகு
குழந்தை அழலாம்,
கொம்பியூட்டர் அழக்கூடாது.

கிரேபெல்டுக்கு, நகுலேந்திரனுக்கு எடுத்தேன்.
சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்:
"எத்தினை தரம் கத்துது?"
"மூண்டு."
"நீட்டியோ, கட்டையோ?"
என் நெஞ்சு நோவைப் பற்றிக்கூட
வைத்தியர் இவ்வளவு விசாரித்ததில்லை.
"அப்ப ரேம். வயரைப் பிடுங்கிப்போட்டுத் திற.
முதல் ஹீற்றரைத் தொடு,
உடம்பில இருக்கிற கரண்ட் இறங்கட்டும்."

ஆடி மாதத்து ஹீற்றர், சில்லென்று கிடந்தது.
தொட்டேன்.
என்ன இறங்கியதோ தெரியாது.

மூடியைக் கழற்றினால்
பதினாறு வருசத் தூசி.
கொஞ்சம் முறுக்கு மா.
மகளின் தோட்டுச் சுரை ஒன்று;
இதற்காகத்தானே பள்ளிக்கூடம் வரை போய்
நான் சண்டை பிடித்தது.

அந்த நேரம் பார்த்து
தொங்குரயில் யன்னலோடு போனது.
அதன் வெளிச்சம் திறந்த வயிற்றுக்குள்
ஒருதரம் எட்டிப் பார்த்தது.
உள்ளே இருந்தவர்கள் என்னையும் பார்த்திருப்பார்கள்:
நைட்டி, வெறுங்கால்,
வாயில் கடித்தபடி ஒரு ஸ்க்ரூ ட்றைவர்.

அழிறப்பரால் ரேமின் பொன்பற்களைத் தேய்த்து
"டக்" என்று கேட்கும்வரை அமத்தினேன்.
கூவல் நின்றது.
திரை வரவில்லை.
"இப்ப கத்தாமல் கிடக்குது" என்றேன்.
"அப்ப பற்றரி. காசு மாதிரி ஒண்டு இருக்கும், பார்.
கரண்ட் இல்லாத நேரத்திலும்
அதுதான் நேரத்தை வச்சிருக்கிறது."
சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

இந்தச் சாமத்தில் எந்தக் கடை?
மா நிறுக்கிற தராசைக் கவிழ்த்தேன்.
அதே வட்டம், அதே இலக்கம்.
கத்திநுனியால் கிளப்பி
இதன் உயிரை அதற்குப் போட்டேன்.

ஒரேயொரு கூவல், கட்டையாய்,
பூனை தும்மினது போல.
நீலத்திரை. வெள்ளை எழுத்து:
தேதி பிழை. சரிபார்க்கவும்.
01.01.2009.

பாவம், மயக்கம் தெளிந்ததும்
பிறந்த வருசம்தான் அதற்கு ஞாபகம்.

2009, தை ஒன்று.
அண்ணா அப்போது தர்மபுரத்தில்.
கார்ட் சுரண்டி, இலக்கம் பிழைத்து,
திரும்பச் சுழற்றி எடுத்தேன்.
"கேக்குதோ, கேக்குதோ" என்று
காசு முடியும்வரை அதையே கேட்டான்.
எனக்குக் கேட்டது.
நான் ஓம் ஓம் என்றது
அவனுக்குத்தான் கேட்கவில்லை.

அடியில் சின்னதாய் ஒரு வரி:
மாற்றுவதற்குக் கூட்டல் குறியை அமத்தவும்.
குறைப்பதற்கும் ஒரு குறி இருந்தது.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதத்தில் தொடங்கினேன்.
இரண்டு. மூன்று. நான்கு.
ஐந்து வந்ததும்
விரல் கேட்காமலே இன்னொருதரம் அமத்திவிட்டது.
ஆறு. ஏழு.
நாள் முப்பது.
வருசம் பதினாறு அமத்தல்;
ஒரு கொட்டாவிக்குள் முடிந்துபோனது.
சேமித்து வெளியேறவா என்று கேட்டது.
ஓம் என்றேன்.
இந்தமுறை கேட்டது.

கணக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி.
படுத்துக் கண் மூடமுன் விடிந்துவிட்டது.
குசினியில் மனிசன்
மாவைத் தராசில் கொட்டிவிட்டுக் கூப்பிடுகிறார்:
"இஞ்சை வா,
இவ்வளவு போட்டும்
இதிலை ஒண்டும் காட்டேல்லை."