மூன்றாம் படி

தலைவர் சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன்.
அறுபத்தெட்டு நவம்பர்.
பாலிநார்ன் நகர மன்றம், மாடி அறை.
கணப்பில் கரி சரியாகப் பிடிக்கவில்லை.
கீழே வாசற்படியில்
மெக்கானமியின் மனைவி, கைக்குழந்தையோடு,
நான்காம் நாளாக.
ஏழு பேருக்கு ஒரே அறை. சுவரில் ஈரம்
பிள்ளைகளைவிட வேகமாக வளர்கிறதாம்.
விண்ணப்பத்தில் எல்லாம் இருந்தது.
கோப்பில் செருகியவளே நான்தான்,
மூன்று முறை.

தலைவர் லோரிமர் துணிக்கடைக்காரர்.
கோட்டுப் பையிலிருந்து அளவுநாடா
எப்போதும் ஒரு விரல் நீளம் எட்டிப் பார்க்கும்.
கத்தோலிக்கருக்கும் எங்களுக்கும்
அவர் கடையில் கஜம் ஒன்றுதான்.
ஒரு நூல் குறைந்ததில்லை, ஆகாதவன்கூட ஒத்துக்கொள்வான்.
வீட்டுப் பட்டியலை மட்டும்
வேறு கோலால் அளந்தார்கள்.
வீடிருந்தால்தான் ஓட்டு. ஆகவே
வீடு யாருக்கு என்பது
ஈரத்தைப் பற்றிய கேள்வியே அல்ல.

அன்று மதியம் என்ன ஆயிற்றோ,
ஜன்னலோரம் எனக்கு முதுகு காட்டி நின்று
பெல்ஃபாஸ்ட் அமைச்சருக்கு என்று ஆரம்பித்தார்.
தேவை அதிகமுள்ளவருக்கே முதல் வீடு.
வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு,
ஆளுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று.
என் கடையின் பேரில் நான் போடும் ஓட்டுகளும்
இத்தோடு ஒழியட்டும்.
கடைசி வரியும் வேண்டுமா ஐயா, என்றேன்.
இருக்கட்டும், என்றார்.

'ஒவ்வொருவருக்கும்' என்ற இடத்தில் விரல் இடறியது.
எனக்கு முப்பத்தொரு வயது.
மிஸஸ் ஸ்ட்ரோன் வீட்டுப் பின்னறையில் வாடகை.
ஞாயிறு தவறாமல் தேவாலயம், ஜூலையில் கொடி.
நகர மன்றத்துக்கு ஓட்டு இல்லை.
ஒரு நாளும் அது உறுத்தியதில்லை எனக்கு.
வேலிக்கு எந்தப் பக்கம் என்பதே
போதுமாயிருந்தது.

கையெழுத்துக்கு நீட்டினேன். பேனாவைத் திறந்தார்.
அப்போதுதான் வந்தார்கள் மூவர்,
தொப்பியைக் கழற்றாமல்.
என்னை வெளியே அனுப்பினார்கள்.
குரல் எதுவும் உயரவில்லை.
கதவு வழியாக ஒரே ஒரு பெயர் இரண்டு தரம் கேட்டது,
அவர் மகன் பெயர்.

அவர்கள் போனபின்
கடிதத்தையும் நகலையும் கணப்பில் இட்டார்.
கரி பிடித்துக்கொண்டது.
வேறு எழுதுங்கள், மிஸ் கில்லான்:
மன்றம் ஆவன செய்து வருகிறது.
எழுதினேன். அந்த வாக்கியம்
விரல்களுக்கு மனப்பாடம்.

மூன்றாம் படியை அவர் கேட்கவில்லை.
மறந்தாரா, மறந்ததுபோல் விட்டாரா,
இன்றுவரை தெரியாது.

மாலை நான் இறங்கும்போது
மெக்கானமியின் மனைவி ஒதுங்கி வழி விட்டாள்,
முந்தைய மூன்று நாளும் போலவே.
மழை வருது, என்றேன்.
அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.
பிறகு பையைத் திறந்தேன்.
கார்பன் நீலம் கொக்கியிலும் ஒட்டியது.

தெருவிளக்குக்கு நேராகப் பிடித்து
மெல்ல வாசித்தாள், உதடசைய, கடைசிவரை.
திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.
கையெழுத்து இல்லையே, என்றாள்.

குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.
தாளைத் திருப்பித் தரவில்லை.